வாசிக்கும் முன் பாருங்கள்: சிங்கப்பூரில் எழுத்துக் கலையும் புது ஓவியமும் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரின் தனியார் கலைக்கூடங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு வகைக் காட்சிகள். ஒன்றில் சொற்களே படைப்பு: சுவரில் ஒட்டிய வரி, நியானில் எரியும் சொல், துணியில் தைத்த வாக்கியம், வெறும் அறிவிப்புப் பலகை. மற்றதில் இளையவர்கள் வரைந்த புது ஓவியங்கள். கேன்வாஸில்தான் வரைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் அலுமினியத் தகடும் வெட்டிச் சுருட்டிய வண்ணப் பட்டையும் வரவேற்கும்.

முதல் வகையில் நாம் வேகமாகத் தோற்றுவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவரால் எழுத்தைப் பார்த்ததும் வாசிக்காமல் இருக்க முடியாது. ஐந்து சொல், மூன்று விநாடி, "சரி, புரிந்தது", அடுத்த சுவர். இருபது படைப்புகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிடுவோம். எழுத்துக் கலையில் வாசிப்பது கடைசியில் செய்யவேண்டிய வேலை. அதற்கு முன் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. நான்கு மொழிகளும் மூன்று எழுத்துமுறைகளும் உள்ள ஊரில் வாழ்கிறோம். நம்மில் பலருக்குச் சீன எழுத்து வாசிக்க வராது; ஆனால் கோப்பிக் கடைப் பலகையிலும் ரயில் நிலையத்திலும் அதைத் தினமும் பார்க்கிறோம். வாசிக்காமல் எழுத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கலைக்கூடத்துக்குள்ளும் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: கண்ணைப் பழக்க, பழையதிலிருந்து தொடங்குங்கள்

நேராகப் புதிய காட்சிக்குப் போகாதீர்கள். முதலில் தேசியக் கலைக்கூடம். பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்தார்கள். அங்கே தேடவேண்டியது சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' என்ற ஓவியம். ஒரு மலாய் ஆசிரியர், மேசையைச் சுற்றி மாணவர்கள், பின்னால் கரும்பலகை. பலகையில் இரண்டு மலாய்க் கேள்விகள்: உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய். சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த ஆண்டு அது. மலாய் தேசிய மொழியான காலம். பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரும் எளிய கேள்விகள்தான். ஆனால் நாட்டுக்கே இன்னும் பெயரும் முகவரியும் சரியாக அமையாத நேரத்தில் அவற்றைக் கரும்பலகையில் எழுதி, அதை ஓவியத்துக்குள் வைத்திருக்கிறார். அந்தச் சுண்ணக்கட்டி எழுத்தை மனத்துக்குள் அழித்துவிட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பறைக் காட்சி மட்டும்தான் மிஞ்சும். கலைக்கூடம் திறந்தபோது சிங்கப்பூர்க் கலைக்கான தன் முதல் நெடுங்காலக் காட்சிக்கு அந்த முதல் கேள்வியையே தலைப்பாக வைத்தது.

அடுத்துத் தேடவேண்டிய பெயர் லிம் ட்ஸே பெங். 2025இல் 103 வயதில் மறைந்தவர். சைனாடவுனையும் சிங்கப்பூர் ஆற்றையும் மையால் வரைந்துவந்தவர், முதிய வயதில் சீன எழுத்தையே கலைத்துப்போட ஆரம்பித்தார். கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, சீனம் படித்தவர்களுக்கும் வாசிக்க முடியாத அளவுக்குப் போயின. 'குழம்பிய எழுத்து' என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். அதன் முன் நிற்கும்போது சீனம் தெரிந்தவரும் தெரியாதவரும் ஏறக்குறைய ஒரே நிலைதான். இருவரும் தூரிகையின் வேகத்தையும் மை வற்றிய இடத்தையும்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் படைப்பு எப்போது காட்சியில் இருக்கும் என்பது மாறும். கிளம்பும் முன் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். சிறப்புக் காட்சிகளுக்குக் கட்டணம் இருக்கலாம்.

நேரம் இருந்தால் பக்கத்தில் உள்ள தேசிய அரும்பொருளகத்துக்கும் போய் 'சிங்கப்பூர்க் கல்'லைப் பாருங்கள். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பெரிய கல்வெட்டு. 1843இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்ததில் மிஞ்சிய துண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் உறுதியாக வாசித்ததில்லை. இதைத் தற்காலக் கலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் எழுத்தை வெறும் உருவமாகப் பார்க்கப் பழக இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: இந்த ஊரின் சொற்கதை கொஞ்சம் தெரிந்திருக்கட்டும்

எழுத்துக் கலை என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் இருக்கிறது. முழுத் தவறும் இல்லை. 1965இல் ஜோசப் கொசூத் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியின் புகைப்படம், அகராதியில் 'நாற்காலி'க்கு உள்ள விளக்கம் மூன்றையும் வரிசையாக வைத்தார். 1968இல் லாரன்ஸ் வீனர், படைப்பைக் கலைஞரே செய்யலாம், வேறொருவர் செய்யலாம், செய்யாமலும் விடலாம் என்று அறிவித்தார். 1970களின் கடைசியில் ஜென்னி ஹோல்ஸர் ஒற்றை வரிகளை அச்சடித்து நியூயார்க் தெருக்களில் ஒட்டினார். ஆன் கவாரா 1966 ஜனவரி முதல் அன்றன்றைய தேதியை மட்டும் வரைந்தார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்நாட்டு மொழியில் தேதி இருக்கும். அங்கே ரோமன் எழுத்து வழக்கில் இல்லையென்றால் எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் எழுதுவார். தமிழ்நாட்டுக்கு வந்து வரைந்திருந்தால் தமிழுக்கு இடமிருந்திருக்காது என்று நினைக்கும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1963இலேயே 'சொற்களும் குறிகளும்' வரிசையைத் தொடங்கிவிட்டார். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், எண்கள், மலையாளச் சாயல் உள்ள எழுத்துகள். வாசிக்க முயன்றால் கைநழுவும். எழுதியவை எல்லாம் வாசிக்க அல்ல. பின்னர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவர்தான். இந்த வகைக் கலை நம் பக்கத்துக்குப் புதிது என்று யாராவது சொன்னால் பணிக்கர் பெயரைச் சொல்லுங்கள்.

இனிச் சிங்கப்பூர். 1972இல் சியோ சாய் ஹியாங் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். நவீன ஓவியச் சங்கத்தின் ஆண்டுக் காட்சிக்கு அவர் ஓவியம் எதையும் அனுப்பவில்லை. தபாலில் ஒரு குறிப்பு அனுப்பினார். ஐந்தடிக்கு ஐந்தடி சதுரம் ஒன்றை, பாதி சுவரிலும் பாதி தரையிலுமாக வரையுங்கள் என்றது குறிப்பு. தலைப்பில் சிங்கப்பூர் ஆறு இருந்தது. ஓவியர்கள் எல்லாரும் ஆற்றங்கரையில் படகுகளை வரைந்துகொண்டிருந்த காலம் என்பதை நினைவில் வைத்தால் அந்தச் சதுரத்தின் குசும்பு புரியும். சங்கம் நிராகரித்துவிட்டது. இன்று சிங்கப்பூர்க் கலை வரலாற்றைப் பேசும் யாரும் அந்த நிராகரிக்கப்பட்ட கடிதத்தைத் தாண்டிப் போவதில்லை.

1995இல் டாங் டா வூ ஒரு கறுப்பு மேலங்கி அணிந்து கலைச் சந்தை ஒன்றுக்குப் போனார். முதுகில் 'கலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்' என்ற பொருளில் ஆங்கில வாசகம். அதிபர் ஓங் டெங் சியோங் அங்கே வந்திருந்தார். அவர் முன் அந்த மேலங்கியோடு நின்று, ஒரு சிறு குறிப்பை அவரிடம் கொடுத்தார்: நான் ஒரு கலைஞன், நான் முக்கியமானவன். கலைஞர் தன் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் நிகழ்த்துகலைக்கு முந்தைய ஆண்டுதான் அரசு நிதி நிறுத்தப்பட்டிருந்தது. இந்தப் பின்னணி இல்லாமல் அந்த மேலங்கியை வாசித்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

2005இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக்காட்சிக்கு லிம் ட்ஸே சுவென் மெர்லயன் சிலையையே எடுத்துப்போக விரும்பினார். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் சிங்கப்பூர்க் கூடத்தில் மிஞ்சியது ஒரு வாக்கியம்: மைக்கைக் கொண்டுவர நினைத்தேன். மைக் என்பது மெர்லயனுக்கு அவர் வைத்த செல்லப்பெயர். வராத சிலைக்கு வாக்கியமே சிலையாக நின்றது.

2008இல் ஹீமன் சொங் பத்து லட்சம் பெயரட்டைகளைத் தரையில் கொட்டினார். இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. பெயரில்லை, எண்ணில்லை. பார்வையாளர்கள் அதன்மேல் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். நாம் வசதியாக மறந்துவிட்ட மனிதர்களுக்கு நினைவுச்சின்னம் என்பது தலைப்பின் சாரம். எழுத்தே இல்லாத எழுத்துக் கலை என்று இதைச் சொன்னால் மிகையில்லை; பெயரட்டை என்றதும் நம் கண் பெயரைத் தேடுகிறதே, அந்தத் தேடல்தான் படைப்பு.

மும்பையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றும் சுபிகி ராவ், 2014இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். தடைசெய்யப்பட்ட, எரிக்கப்பட்ட, காப்பாற்றப்பட்ட புத்தகங்களைப் பற்றியது. 2022 வெனிஸ் பியனாலேயில் சிங்கப்பூரின் சார்பில் அதன் ஒரு பகுதியைக் காட்டினார். கூடத்துக்குள் காகிதச் சுவர்களால் ஆன வளைவுப் பாதை, படம், புத்தகம். யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த வீடுகளில் இந்தப் படைப்புக்கு விளக்கம் தேவைப்படாது.

தெருவையும் விடக்கூடாது. 2012இல் சாம் லோ, 'என் தாத்தா சாலை' என்ற பொருளில் சிங்லிஷ் வாசகத்தைச் சாலையில் அச்சுத்தகடு வைத்து வண்ணம் தெளித்தார். சாலைக் கடவையின் பொத்தானுக்கு மேல் 'ஷியோக் ஆகும்வரை அமுக்கு' என்று ஒட்டுத்தாள் வைத்தார். கைதாகி, 240 மணி நேரச் சமூக சேவை விதிக்கப்பட்டது. அதே எழுத்து கலைக்கூடச் சுவரில் இருந்திருந்தால் விலைப்பட்டியலில் ஏறியிருக்கும். எழுத்து எங்கே இருக்கிறது என்பதும் எழுத்தின் பகுதிதான். அடுத்த படிகளில் இது திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாம் படி: எங்கே, எப்போது

கில்மன் பேரக்ஸ், லாப்ரடார் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 1936இல் பிரிட்டிஷ் ராணுவ முகாமாகக் கட்டியது. 2012இல் கலைக்கூட வளாகமானது. தொடங்கியபோது இருந்த கூடங்கள் பல பின்னர் மூடிவிட்டன அல்லது இடம் மாறிவிட்டன. ஷாங்ஆர்ட், மிசுமா, யோ வொர்க்‌ஷாப், ஃபோஸ்ட் போன்ற பெயர்கள் அந்த வளாகத்தோடு நீண்டகாலம் சேர்ந்து ஒலிப்பவை. மரமும் மேடும் நிறைந்த இடம். கூடத்துக்குக் கூடம் ஏறி இறங்க வேண்டும். தண்ணீர் போத்தலும் குடையும் கட்டாயம். அம்மா அப்பாவை அழைத்துப் போவதானால் எந்தெந்தக் கூடம் என்று முன்பே தேர்ந்துகொண்டு டாக்ஸியில் நேராக அங்கே இறங்குங்கள்.

தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் வேறு மாதிரி. கெப்பல் சாலையில் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு. சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் 2022 ஜனவரியில் இங்கே காட்சிக்கூடம் திறந்தது. 1996இல் தொடங்கிய கஜா கேலரி உட்படத் தனியார் கூடங்களும் இதே கட்டடத்தில் உள்ளன. லாரிகள் வந்துபோகும் இடம், சரக்கு மின்தூக்கி, உயரமான கூரை. பெரிய ஓவியங்களைச் சரியான தூரத்திலிருந்து பார்க்க இந்த ஊரில் இங்கேதான் இடம் இருக்கிறது. ஒருநாள்தான் கிடைக்கும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ராபர்ட்சன் கீயில் எஸ்டிபிஐ என்ற அச்சுக்கலைக் கூடம். அமெரிக்க அச்சுக்கலைஞர் கென்னத் டைலரின் பட்டறையை வாங்கி 2002இல் தொடங்கியது. காகிதமும் அச்சும் இங்கே சிறப்பு. அழைக்கப்படும் கலைஞர்கள் அங்கேயே தங்கிக் காகிதக் கூழிலிருந்தே வேலை செய்கிறார்கள். அச்சில்தான் எழுத்து பிறக்கிறது என்பதால், எழுத்துக் கலையில் ஆர்வம் உள்ளவர்கள் அடிக்கடி எட்டிப்பார்க்க வேண்டிய இடம்.

தேக்காவுக்கு வருகிறவர்களுக்கு இன்னும் எளிது. மெக்னேலி ஸ்திரீட்டில் லாசால் கலைக் கல்லூரி, சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். அதன் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. கலைஞர்கள் பெயர் வாங்கும் முன்பே அவர்களைப் பார்த்துவிடலாம். கல்வியாண்டு முடியும் மாதங்களில் மாணவர் காட்சி நடக்கும். எஸ்பிளனேடில் கச்சேரிக்குப் போகும்போது அரை மணி முன்னதாகப் போனால் ஜெண்டேலா என்ற காட்சிக்கூடத்தையும் சுரங்கப்பாதைச் சுவரையும் பார்க்கலாம். அதுவும் இலவசம்.

நாள்: திங்கட்கிழமை தனியார் கூடங்கள் பல மூடியிருக்கும். சனி மதியம் நல்லது. கூடங்களில் ஒரு காட்சி பொதுவாக ஒன்றிரண்டு மாதம்தான் இருக்கும், "பிறகு பார்க்கலாம்" என்றால் போய்விடும். ஜனவரியில் சிங்கப்பூர்க் கலை வாரம். 2013 முதல் நடக்கிறது. 2023 முதல் அதே மாதத்தில் மரினா பே சாண்ட்ஸில் ஆர்ட் எஸ்ஜி என்ற சந்தையும் சேர்ந்துகொண்டது. சந்தைக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், கூட்டமும் அதிகம். நிறையப் பெயர் தெரிந்துகொள்ள உதவும், நின்று பார்க்க உதவாது.

திறப்பு மாலைக்கு அழைப்பு கிடைத்தால் போங்கள், ஆனால் படைப்பு பார்க்க என்று போகாதீர்கள். எல்லாரும் சுவருக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கலைஞரைச் சந்திக்க அது நல்ல நேரம்.

நான்காம் படி: எழுத்தின் முன் நிற்கும்போது

பக்கத்தில் உள்ள விளக்க அட்டையை முதலில் படிக்காதீர்கள். வாக்கியத்தையும் ஒருமுறை கண் வாசித்துவிடும். அதைத் தடுக்க முடியாது, விடுங்கள். பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

எதனால் ஆனது? சுவரில் தட்டையாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் வெட்டி ஒட்டிய வினைல், அதாவது பிளாஸ்டிக் ஒட்டுத்தாள். காட்சி முடிந்ததும் உரித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கலைஞர் விற்பது அந்த வினைலை அல்ல என்று அப்போதே புரியும். எண்ணெய் வண்ணத்தில் கையால் எழுதியிருந்தால் கோணத்தில் நின்று பாருங்கள், பென்சில் கோடு, தயக்கம், திருத்தம் தெரியும். நியானா எல்இடி குழாயா? நியான் கண்ணாடிக் குழாய், கையால் வளைப்பது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கறுப்படித்த இணைப்புப் பகுதி இருக்கும். தைத்ததென்றால் முடிந்தவரை பின்பக்கத்தையும் பாருங்கள்.

எவ்வளவு பெரிது, எந்த உயரத்தில்? ஆளுயரத்துக்கு மேல் உள்ள எழுத்து கட்டளையிடும். முழங்கால் உயரத்தில் சின்னதாக எழுதியிருந்தால் குனிய வைக்கும். ஒரே சொல் இரண்டு உயரத்தில் இரண்டு குரலாகிவிடும்.

எந்த எழுத்துரு? அரசு அறிவிப்புப் பலகையில் வருவதா, பழைய தட்டச்சா, விளம்பரப் பலகையா, கையெழுத்தா? சிங்கப்பூரில் வளர்ந்தவருக்கு இது சட்டென்று தெரியும். தடை அறிவிப்புகளின் எழுத்தும் வண்ணமும் நமக்கு மனப்பாடம். ஒரு காதல் வரியை அந்த எழுத்துருவில் போட்டால் சிரிப்பு வருவதற்குக் காரணம் வரியில் இல்லை.

யார் பேசுகிறார்கள், யாரிடம்? 'நான்' என்று இருந்தால் அது கலைஞரா? 'நாம்' என்று இருந்தால் அதில் நீங்கள் சேர்த்தியா? ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் அதிகம். நமக்கு நாமும் நாங்களும் தனித்தனி என்பதால் உடனே கேட்கத் தோன்றும். கேளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் விளக்க அட்டை. தலைப்பு, ஆண்டு, ஊடகம். ஆண்டைக் கவனிக்காமல் விடாதீர்கள். டாங் டா வூவின் மேலங்கிக்கு 1995 என்ற எண் எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோம். கலைஞரின் நீளமான விளக்கவுரையைக் கடைசியில் படியுங்கள், அல்லது படிக்காமல் விடுங்கள். அவற்றில் பாதி யாருக்காக எழுதப்படுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தமிழ் எழுத்து வரும் படைப்புகளுக்குத் தனியாக ஒரு சொல். நான்கு மொழியும் வேண்டும் என்பதற்காகச் சில படைப்புகளில் தமிழ் சேர்க்கப்படும். அப்போது நாம் தான் நிபுணர்கள், கூச்சப்படத் தேவையில்லை. கொம்பும் காலும் தன் எழுத்தோடு ஒட்டி நிற்கின்றனவா, அல்லது மென்பொருள் கோளாறில் 'கொ' உடைந்து மூன்றாகச் சிதறியிருக்கிறதா? வாக்கியம் தமிழர் பேசுவதா, இயந்திரம் பெயர்த்ததா? மற்ற மூன்று மொழிகளுக்குச் சமமான அளவும் இடமும் இருக்கிறதா, மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறதா? தெரிந்தே உடைத்திருந்தால் அது கலை, தெரியாமல் உடைந்திருந்தால் அது கவனக்குறைவு. கூடத்தில் உள்ளவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். கவனக்குறைவு என்றால் நீங்கள் சொன்னதற்கு நன்றி சொல்வார்கள். கலை என்றால் அன்றைக்கு நல்ல உரையாடல் ஒன்று கிடைக்கும்.

ஐந்தாம் படி: புது ஓவியத்தின் முன்

இங்கே பிரச்சினை எதிர்ப்பக்கம். வாசிக்க எதுவும் இல்லை, அதனால் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. "இது என்ன படம்?" என்ற கேள்வியைச் சிறிது நேரம் தள்ளி வைத்துவிட்டு, "இதை எப்படிச் செய்தார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஓவியத்திலேயே இருக்கும்.

மூன்று இடங்களில் நில்லுங்கள்: அறையின் எதிர்க்கோடியில், கைநீட்டும் தூரத்தில், பிறகு பக்கவாட்டில் சுவரோடு சாய்ந்தபடி. பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் ஓவியத்தின் விளிம்பு தெரியும். அங்கே வழிந்த வண்ணம், கீழே மூடிப்போன அடுக்கின் நிறம், ஓவியர் முதலில் என்ன போட்டார் என்பதெல்லாம் இருக்கும். மேற்பரப்பு எங்கே பளபளக்கிறது, எங்கே மங்குகிறது என்று ஒளி விழும் கோணத்தில் பாருங்கள். அக்ரிலிக் சீக்கிரம் காயும், அதனால் அடுக்குகள் கறாராக நிற்கும்; எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், அதனால் ஒன்றோடொன்று குழையும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே ஓவியர் அவசரப்பட்டாரா, காத்திருந்தாரா என்று ஊகிக்கலாம்.

சில பெயர்கள். ஜேன் லீ வண்ணத்தைத் தூரிகையால் பூசுவதைத் தாண்டிப் போனவர். வண்ணப் பட்டையைச் சுருட்டுவார், தொங்கவிடுவார், சட்டகத்திலிருந்து தரைக்கு வழியவிடுவார். பார்த்ததும் தொடத் தோன்றும், தொடாதீர்கள். 1990இல் பிறந்த ரூபன் பாங் அலுமினியத் தகட்டில் வரைகிறார். உலோகம் வண்ணத்தை உறிஞ்சாது என்பதால் பூசியதைச் சுரண்டி, துடைத்து, மறுபடி பூச முடிகிறது. உள்ளிருந்து வெளிச்சம் வருவது போலத் தோன்றுவதற்கு அடியில் உள்ள உலோகமும் ஒரு காரணம். இயன் வூ பல ஆண்டுகளாக அருவ ஓவியம் வரைபவர், லாசாலில் கற்பித்தவர். கைருடின் வாஹாப் குடியேற்றக் காலத்து வரலாற்றையும் நிலத்தையும் எடுத்து வரைகிறார். யுஓபி வங்கி நடத்தும் ஆண்டின் சிறந்த ஓவியப் போட்டியில் 2018இல் வென்றவர். 1982இல் தொடங்கிய அந்தப் போட்டியின் காட்சி, புதிய பெயர்களைத் தெரிந்துகொள்ள எளிய வழி. எல்லாம் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். போட்டிக்கென்றே வரைந்தது சிலவற்றில் தெரியும்.

எழுத்தும் ஓவியமும் சேரும் இடமும் உண்டு. முன்பு சொன்ன ஹீமன் சொங், நாவல்களின் அட்டையைத் தானே புதிதாகக் கற்பனை செய்து ஒரே அளவுள்ள கேன்வாஸ்களில் வரைந்துகொண்டே போகிறார். மேலே புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கும், கீழே அருவமான வடிவங்கள். அதை வாசிப்பதா பார்ப்பதா என்று கண் தடுமாறும். நான்காம் படியையும் ஐந்தாம் படியையும் ஒரே சுவரில் பழக அது தோது.

கைப்பேசியில் பார்த்துவிட்டேன் என்று திருப்தி அடையாதீர்கள். எழுத்துக் கலை படத்தில் ஓரளவு தப்பிக்கும், ஓவியம் தப்பிக்காது. அளவும் தடிமனும் இரண்டும் போய்விடும்.

ஆறாம் படி: கூடத்தில் உள்ளவர்களிடம் பேசுங்கள்

மணி அடித்து உள்ளே போகவேண்டிய கூடங்கள் உண்டு. மேசைக்குப் பின்னால் ஒருவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாங்காமல் பார்க்க மட்டும் வந்தால் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம் நம்மவர்களுக்கு அதிகம். தேவையில்லை. பார்க்க வருபவர்கள் இல்லாத கூடத்துக்குக் கலைஞர்களும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உள்ளே போனதும் வணக்கம் சொல்லிவிட்டு, படைப்புகளின் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை சுவரில் இருக்காது. பட்டியலில் இருக்கும், அல்லது கேட்டால் சொல்வார்கள். விலை கேட்பது வாங்குவதாக வாக்குக் கொடுப்பது ஆகாது. சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுவிட்டது.

கேட்க நல்ல கேள்விகள்: இந்த வரி எங்கிருந்து வந்தது? இதை எப்படி நிறுவினீர்கள்? கலைஞர் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? "இதன் அர்த்தம் என்ன?" என்று மட்டும் தொடங்காதீர்கள், மனப்பாடமான பதில்தான் வரும்.

பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பொதுவாக அனுமதிப்பார்கள், ஆனாலும் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளோடு போனால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஓர் எழுத்தை வரையச் சொல்லுங்கள். எழுதச் சொல்லாதீர்கள், வரையச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வாங்க நினைத்தால்

இதைத் தவிர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கேட்பவர்கள் உண்டு. பட்டியலில் உள்ள விலையில் பொதுவாகப் பாதி கலைஞருக்கு, பாதி கூடத்துக்கு. அந்த விலையில் பொருள், சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆயிரக்கணக்கான வெள்ளியில் 9 விழுக்காடு சின்னத் தொகை இல்லை. தவணையில் கட்டச் சில கூடங்கள் ஒப்புக்கொள்ளும்.

முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு அச்சுப் படைப்புகள்தான் கைக்கு அடக்கம். அவற்றில் 3/20 என்பது போல ஓர் எண் இருக்கும்: மொத்தம் இருபதில் மூன்றாவது என்று பொருள். கையொப்பமும் எண்ணும் இல்லாத அச்சுக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

எழுத்துக் கலையில் நீங்கள் வாங்குவது பல சமயம் ஒரு சான்றிதழும் நிறுவும் முறை பற்றிய குறிப்பும்தான். வாக்கியம், எழுத்துரு, அளவு, நிறம், எந்தச் சுவரில் போடலாம், வீடு மாறினால் மறுபடி வெட்டிக்கொள்ளலாமா, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கலாமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதியில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழ் தொலைந்தால் சுவரில் இருப்பது வெறும் ஒட்டுத்தாள்.

வீட்டில் மாட்டும்போது நம் ஊர் ஈரப்பதத்தை நினைவில் வையுங்கள். காகிதப் படைப்புகள் நேராகக் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவே அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டகம் போடச் சொல்லுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும் மாலை வெயில் விழும் சுவரும் வேண்டாம். குளிரூட்டியை அடிக்கடி போட்டு நிறுத்தும் அறையைவிட, ஈரப்பதம் ஒரே சீராக இருக்கும் நடைவழி மேல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பின்பக்க அட்டையில் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வந்திருந்தால் துடைக்க முயலாமல் வாங்கிய கூடத்தையே அழைத்து, காகிதம் பழுதுபார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள்.